மார்பகப் புற்றுநோய்க்கான மரபணுச் சோதனை: எதை முதலில் செய்வது, எதை அவசரப்பட்டுச் செய்யக்கூடாது

என் அக்காவுக்கு 38 வயதில் மார்பில் கட்டி வந்தது. டிரிபிள் நெகட்டிவ் வகை, அதாவது ஹார்மோன் மாத்திரையும் ஹெர்2 மருந்தும் கேட்காத வகை. அவள் சிகிச்சை முடிந்த கையோடு நான் முந்திக்கொண்டு போய் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன். ‘மாற்றம் எதுவும் இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தது. அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தோம். ஒன்றரை வருடம் கழித்து அக்காவுக்குச் சோதித்தபோது அவளுக்கு பிஆர்சிஏ1 மரபணுவில் (பழுதானால் மார்பக, சினைப்பைப் புற்றின் ஆபத்தைக் கூட்டுவது) மாற்றம் தெரிந்தது. அந்த ஒரு இடத்தை மட்டும் குறிவைத்து எனக்கு மறுபடியும் பார்த்தார்கள். எனக்கும் இருந்தது.

முதல் லேப் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்க்காத இடத்தில் மாற்றம் இருந்தது, அவ்வளவுதான். முதலில் அக்காவுக்குப் பார்த்திருந்தால் அந்த ஒன்றரை வருடமும் எனக்கு வீணாகப் போயிருக்காது.

அதற்குப் பிறகு நீடாமங்கலம், வலங்கைமான், மன்னார்குடி பக்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு குடும்பங்களோடு இதே வேலைக்காக அலைந்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். எந்த முடிவையும் மருத்துவரோடு பேசித்தான் எடுக்கவேண்டும். அவர் முன்னால் போய் உட்காரும்போது கையில் என்ன இருக்கவேண்டும், எந்த வரிசையில் போகவேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் அது பரம்பரையாக இறங்கிய மரபணு மாற்றத்தால் வருகிறது. மற்றவர்களுக்கு இந்தச் சோதனையால் பெரிய பயன் இல்லை. எழுபது வயதில் ஒரு பெரியம்மாவுக்கு மட்டும் வந்தது, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்றால், பொதுவாக நீங்கள் வயதுக்கேற்ற மேமோகிராம் (மார்பு எக்ஸ்ரே) எடுத்துக்கொண்டு வந்தால் போதும்.

ஆலோசனைக்குப் போகத்தான் வேண்டும் என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. 50 வயதுக்குள் மார்பகப் புற்று வந்திருப்பது. டிரிபிள் நெகட்டிவ் வகையாக இருப்பது. இரண்டு மார்பிலும் வந்திருப்பது. குடும்பத்தில் ஓர் ஆணுக்கு மார்பில் வந்திருப்பது. எந்த வயதிலானாலும் ஒருவருக்குச் சினைப்பைப் புற்று வந்திருப்பது. ஒரே பக்கத்து ரத்த உறவில் இரண்டு மூன்று பேருக்கு மார்பகம், சினைப்பை, கணையம், உடம்பில் பரவிய புரோஸ்டேட் என்று கலந்து வந்திருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த படிக்குப் போங்கள்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ‘எங்களுக்கு ஏற்கெனவே ஜீன் டெஸ்ட் எடுத்தாச்சு’ என்று சிலர் சொல்வார்கள். காகிதத்தை வாங்கிப் பார்த்தால் அது கட்டியின் சதையில் செய்த சோதனையாக இருக்கும். எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க அதைச் செய்வார்கள். பிறவியிலேயே வந்த மாற்றத்தைப் பார்ப்பது ரத்தத்திலோ எச்சிலிலோ செய்யும் சோதனை. ஒன்று இருப்பதால் மற்றது முடிந்ததாக ஆகாது.

2. குடும்ப மரத்தை வரையுங்கள்

வேலையில் பாதி இதுதான். இதை ஒழுங்காகச் செய்தால் ஆலோசகருக்கு அரை மணி நேரம் மிச்சம். செய்யாமல் போனால் அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் ‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பி வரவேண்டும். ஊரிலிருந்து சென்னைக்கும் வேலூருக்கும் எத்தனை முறை போக முடியும்?

ஒரு பெரிய வெள்ளைத்தாள், பென்சில், ரப்பர். பேனா வேண்டாம், கட்டாயம் திருத்துவீர்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். உங்கள் தலைமுறை, அப்பா அம்மா தலைமுறை, அப்பாயி தாத்தா அம்மாச்சி தலைமுறை என மூன்று வரிசை. பிள்ளைகள் இருந்தால் கீழே நான்காவது வரிசை. நோய் வந்தவர் வட்டத்தைக் கறுப்பாக்கி, பக்கத்தில் எந்த உறுப்பில் வந்தது, எந்த வயதில் கண்டுபிடித்தார்கள் என்று எழுதுங்கள். செத்துப்போன வயதை எழுதி விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். ஆலோசகருக்கு வேண்டியது நோய் தெரியவந்த வயது. இளம் வயதில் வந்தால்தான் பரம்பரைச் சந்தேகம் கூடும்.

வயது கேட்டால் பெரியவர்களுக்குச் சொல்லத் தெரியாது. நடந்ததை வைத்துக் கேளுங்கள். ‘77 புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?’ ‘சுனாமி வந்தப்ப அத்தை இருந்தாங்களா?’ ‘கஜா புயலப்ப மருந்து ஏத்திக்கிட்டு இருந்தாங்களா, முடிஞ்சுபோச்சா?’ 1977, 2004, 2018 என்று மூன்று ஆணி அடித்துவிட்டால் நடுவில் உள்ளதை ஒன்றிரண்டு வருட வித்தியாசத்தில் பிடித்துவிடலாம். கடைசிப் பிள்ளைக்கு அப்போது என்ன வயது என்று கேட்பதும் நல்ல வழி.

அடுத்தது சொற்கள். புற்றுநோய் என்ற சொல்லை நம் வீடுகளில் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ‘நம்ம குடும்பத்துல யாருக்காவது கேன்சர் இருந்துச்சா?’ என்று கேட்டால் ‘அதெல்லாம் கிடையாது’ என்று பட்டென்று பதில் வரும். அதனால் வேறு மாதிரி கேட்கவேண்டும். மார்பில் ஆறாத புண் இருந்ததா? கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்களா? தலைமுடி கொட்டியதா? வயிறு உப்பித் தண்ணீர் எடுத்தார்களா?

இந்தக் கடைசிக் கேள்வியை நான் எந்த வீட்டிலும் விடுவதில்லை. எங்கள் அப்பாவின் அக்கா 47 வயதில் இறந்தார். ‘மகோதரம்’ என்றுதான் வீட்டில் சொல்லிவந்தார்கள். அப்பாவின் சித்தி ஒருவர் ஒரத்தநாட்டுப் பக்கம் இருந்தார். அவரிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். ‘வயிறு மட்டும் நெறமாசம் கணக்கா இருக்கும்மா. கையும் காலும் குச்சியாப் போச்சு. தஞ்சாவூர்ல வாரம் ஒருவாட்டி தண்ணி எடுப்பாங்க. கர்ப்பப்பை பக்கத்துல ஏதோ கட்டின்னு டாக்டரம்மா சொன்னுச்சு’ என்றார். அது சினைப்பைப் புற்றாகத்தான் இருந்திருக்கும். வயிற்றில் தண்ணீர் கட்டுவது ஈரல் நோயிலும் வரும். அதனால் எல்லாத் தண்ணீரையும் புற்று என்று எழுதிவிடாதீர்கள். கேள்விக்குறி போட்டு, கேட்டதைக் கேட்டபடியே எழுதுங்கள்.

அந்த அத்தை அப்பா வழி. அக்காவுக்கு நோய் தெரிந்தபோது முதலில் பார்த்த மருத்துவமனையில் ‘அம்மாவுக்கு இருந்துச்சா, அம்மாவோட அம்மாவுக்கு இருந்துச்சா?’ என்று மட்டும்தான் கேட்டார்கள். இல்லை என்றோம். ‘அப்ப பரம்பரை இல்லை’ என்று முடித்துவிட்டார்கள். இது பெரிய தவறு. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மாற்றங்கள் அப்பாவிடமிருந்தும் அதே அளவு இறங்கும். அப்பாவுக்கு ஒன்றும் வராமலேயே மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அப்பா வழியை அம்மா வழிக்குச் சமமாக விரித்து எழுதுங்கள். அப்பாவோடு பிறந்த பெண்கள் குறைவு என்றால் அதையும் எழுதுங்கள். பெண்களே இல்லாத கிளையில் நோய் தெரியாமல் ஒளிந்திருக்கும்.

கர்ப்பப்பை எடுத்தவர்கள் பெயருக்கு எதிரிலும் குறிப்பு வேண்டும். நம் பக்கம் நாற்பது வயதுக்குள் கர்ப்பப்பை எடுத்தவர்கள் ஏராளம். கூடவே சினைப்பையையும் எடுத்தார்களா என்பது அவர்களுக்கே தெரியாது. சினைப்பை இளவயதில் போயிருந்தால் சினைப்பைப் புற்று வர வழி குறைவு. ‘அவங்களுக்கு வரலையே’ என்பதை வைத்து அந்தக் கிளையைச் சுத்தம் என்று முடிவுகட்ட முடியாது.

சொந்தத்தில் செய்த கல்யாணங்களை இரட்டைக்கோடு போட்டுக் காட்டுங்கள். அக்கா மகளைக் கட்டியது, அத்தை மகனைக் கட்டியது எல்லாம் வரவேண்டும். ஏன் என்று 10ஆம் பகுதியில் சொல்கிறேன்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் உறவினர்களையும் விடாதீர்கள். கூத்தாநல்லூர்க் குடும்பம் ஒன்றில் இங்கே மூன்று மாதம் தேடி அலைந்தோம். கடைசியில் கோலாலம்பூரில் இருந்த பெரியப்பா மகளுக்கு அங்கே ஏற்கெனவே சோதனை செய்து மாற்றம் கண்டுபிடித்திருந்தார்கள். ‘எதுக்கு எல்லாரையும் பயமுறுத்தணும்னு சொல்லலை’ என்றார் அவர். அந்த ஒரு ரிப்போர்ட் வந்ததும் இங்கே இருந்தவர்களுக்கு வேலை ஒரே வாரத்தில் முடிந்தது.

3. காகிதங்களைத் திரட்டுங்கள்

பயாப்சி ரிப்போர்ட், அதோடு வந்த ஈஆர், பிஆர், ஹெர்2 முடிவுகள் (கட்டியில் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமும் இருக்கிறதா என்று பார்ப்பது; மூன்றும் இல்லையென்றால் டிரிபிள் நெகட்டிவ்), ஆபரேஷனுக்குப் பிந்தைய ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி. நான்கும் கிடைத்தால் நல்லது. இரண்டுதான் வேண்டும் என்றால் பயாப்சியும் டிஸ்சார்ஜ் சம்மரியும். ஸ்கேன் படங்களை மூட்டை கட்டிக்கொண்டு போகவேண்டியதில்லை.

இறந்தவர்களின் காகிதங்களைக் காரியம் முடிந்ததும் எரித்துவிடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அப்படிப் போயிருந்தால் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் பழைய ஓபி எண் அல்லது உள்நோயாளி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கட்டியின் சதையை மெழுகில் பதித்த பிளாக் என்று நோயியல் பிரிவில் வைத்திருப்பார்கள். அது இன்னும் இருக்கிறதா என்றும் கேட்டுவையுங்கள். உயிரோடு இருப்பவர்களில் சோதிக்க யாருமே இல்லாதபோது சில நேரம் அதுதான் கைகொடுக்கும்.

கிடைத்த காகிதம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்துக் கைபேசியில் படம் எடுத்து, குடும்பத்தில் இரண்டு பேரிடமாவது இருக்கும்படி அனுப்பிவையுங்கள்.

4. நோய் வந்தவருக்குத்தான் முதல் சோதனை

நான் தவறிய இடம் இது. இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ‘அவளுக்குத்தான் வந்துட்டுதே, இனி அவளுக்கு எதுக்கு? வராதவங்களுக்குப் பாப்போம்’ என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது தலைகீழ்.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? வாய்க்காலோடு மேலே நடந்து, எங்கே உடைத்துக்கொண்டது என்று பார்ப்போம். உடைப்பு எங்கே என்று தெரிந்தபிறகு மற்றவர்கள் அந்த ஒரு இடத்தைப் பார்த்தால் போதும். நோய் வந்தவரின் உடம்பில்தான் உடைப்பு தென்பட வாய்ப்பு அதிகம். அவருக்கு மாற்றம் கண்டுபிடித்துவிட்டால் தங்கைக்கும் மகளுக்கும் அந்த ஒன்றை மட்டும் பார்க்கலாம். ஒரே இடத்தைப் பார்க்கும் சோதனைக்கு முழுச் சோதனையைவிடச் செலவும் மிகக் குறைவு. அதில் ‘இல்லை’ என்று வந்தால் அது உண்மையான ‘இல்லை’.

நோய் வந்தவருக்குப் பார்க்காமல் தங்கைக்கு மட்டும் பார்த்து ‘இல்லை’ என்று வந்தால் இரண்டு அர்த்தம் உண்டு. குடும்பத்து மாற்றம் அவளுக்கு இறங்கவில்லை என்றும் இருக்கலாம். குடும்பத்து மாற்றத்தை அந்தச் சோதனையால் பிடிக்க முடியவில்லை என்றும் இருக்கலாம். எது என்று யாராலும் சொல்ல முடியாது.

நோய் வந்தவருக்கும் இதில் நேரடிப் பயன் உண்டு. மாற்றம் இருந்தால் சில நிலைகளில் ஒலாபாரிப் போன்ற மாத்திரைகளுக்கு வழி திறக்கும், ஆபரேஷன் முடிவும் மாறலாம். அதனால் முடிந்தவரை சிகிச்சை தொடங்கும்போதே கேளுங்கள். நோய் வந்தவர்கள் பலர் இருந்தால், மிக இளவயதில் வந்தவரையோ சினைப்பைப் புற்று வந்தவரையோ முதலில் அழைத்துப் போங்கள்.

5. ஆலோசனை நாள்

சிகிச்சை செய்யும் புற்றுநோய் மருத்துவரிடம் ‘மரபணு ஆலோசனைக்குக் கடிதம் வேண்டும்’ என்று நேராகக் கேளுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை பெறுகிறவர்கள் அங்கேயே தொடங்கலாம். அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் வேலூர் சிஎம்சியிலும் பரம்பரை நோய்களைப் பார்க்கத் தனிப் பிரிவு உண்டு. மன்னை எக்ஸ்பிரஸிலோ உழவன் எக்ஸ்பிரஸிலோ இரவு ஏறினால் விடியலில் சென்னை. ஆனால் முன்பதிவு இல்லாமல் போய் நிற்காதீர்கள், ஆலோசகர் எந்தக் கிழமை இருக்கிறார் என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். முதல் பேச்சைத் தொலைபேசியிலோ வீடியோவிலோ வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், எது அதில் வரும், எது வராது என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட ஒருவர் போனால் போதும். ஒரு வேன் பிடித்து எட்டுப் பேர் வந்த குடும்பத்தில் சோதிக்கப்படவேண்டிய பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியார், கொழுந்தனார், நாத்தனார் எல்லோரும் பேசினார்கள். ஆலோசகர் மற்றவர்களை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் அவர், ‘மாத்தம் இருந்தா எங்க வீட்டுக்காரர் என்னைய விட்டுட்டுப் போயிடுவாரா?’ என்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்வி அதுவாக இருக்கும்போது அதைக் கேட்க இடம் வேண்டும்.

நல்ல ஆலோசகர் சோதனை செய்துகொள்ளச் சொல்லி வற்புறுத்தமாட்டார். இருக்கிறது என்று வந்தால் என்ன செய்வீர்கள், இல்லை என்று வந்தால் என்ன, தெளிவில்லாமல் வந்தால் என்ன என்று மூன்றையும் முன்கூட்டியே பேசவைப்பார். வேண்டாம் என்று திரும்பி வரவும் உங்களுக்கு உரிமை உண்டு.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மரபணுக் கோளாறு என்று பொதுப்படையாகக் காரணம் காட்டிக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று 2018இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அதே ஆண்டு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. ஆனாலும் மரபணுப் பாகுபாட்டுக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. நோய் வராதவர்கள் மருத்துவக் காப்பீடு எடுக்கும் எண்ணம் இருந்தால், சோதனைக்கு முன்பே எடுத்துவிடச் சொல்கிறேன். விண்ணப்பத்தில் கேட்பதற்கு உண்மையை எழுதுங்கள்.

6. எந்தச் சோதனை என்று கேட்டு வாங்குங்கள்

‘பிஆர்சிஏ டெஸ்ட்’ என்று பொதுவாகக் கேட்டால் லேபுக்கு லேப் வேறு வேறு சரக்கைக் கொடுப்பார்கள். நான் ஏமாந்தது இப்படித்தான்.

நிலப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எழுத்துப்பிழை பார்ப்பது ஒரு வேலை. நடுவில் ஒரு தாளே காணாமல் போயிருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு வேலை. மரபணுவிலோ ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி இருக்கிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதியில் ஒரு தாள் இல்லாவிட்டாலும், மற்றப் பிரதியிலிருந்து அந்தத் தாளைப் படித்துவிட்டு ‘பிழை ஏதும் இல்லை’ என்று எழுதிவிட முடியும். எனக்கு நடந்தது அதுதான். எங்கள் குடும்பத்து மாற்றம், மரபணுவின் ஒரு பெரிய துண்டு விடுபட்ட வகை. முதல் லேப் எழுத்துப்பிழையை மட்டும் பார்த்திருந்தது.

எனவே லேபிடம் இரண்டு கேள்வி. பெரிய துண்டு விடுபட்டதையும் இரட்டித்ததையும் சேர்த்துப் பார்க்கிறீர்களா? அதை எம்எல்பிஏ முறையில் (துண்டுகள் எத்தனை பிரதி இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது) உறுதிசெய்வீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பிஆர்சிஏ1, 2 மட்டுமா, பல மரபணு கொண்ட பேனலா என்பதை ஆலோசகரோடு முடிவுசெய்யுங்கள். பால்பி2, டிபி53, செக்2, ஏடிஎம் போன்றவையும் மார்பகப் புற்றோடு தொடர்புடையவை. பேனல் பெரிதாக ஆக, பொருள் தெளிவாகாத முடிவுகளும் கூடும். ஐம்பது மரபணு என்று விளம்பரம் செய்வதைப் பார்த்து மயங்கவேண்டாம்.

சில மலிவான சோதனைகள் பெயர்பெற்ற இரண்டு மூன்று இடங்களை மட்டும் பார்க்கும். பிஆர்சிஏ1இல் 185டெல்ஏஜி என்ற மாற்றம் தென்னிந்தியக் குடும்பங்களில் திரும்பத் திரும்பத் தென்படுவதுதான். அதற்காக அது இல்லை என்றால் எதுவுமே இல்லை என்று ஆகாது.

7. ரத்தம் கொடுக்கும் நாள்

எளிதான படி. வெறும் வயிறு தேவையில்லை. ஊதா மூடிக் குழாயில் சில மில்லி ரத்தம் எடுப்பார்கள். எச்சில் மாதிரி என்றால் அரை மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, தண்ணீர், வெற்றிலை எதுவும் கூடாது. கீமோ நடுவிலும் கொடுக்கலாம். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ எப்போதாவது எலும்பு மஜ்ஜை மாற்றியிருந்தாலோ கட்டாயம் சொல்லிவிடுங்கள், ரத்தத்தில் அடுத்தவர் மரபணு கலந்திருக்க வாய்ப்புண்டு.

கவனம் வேண்டியது படிவத்தில். இனிஷியலோடு பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கவேண்டும். ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளும் ‘செல்வி’யாக இருந்து மாதிரி மாறிய கதை எனக்குத் தெரியும். அதைவிட முக்கியம் கைபேசி எண். வழக்கம்போல மகன் எண்ணையோ வீட்டுக்காரர் எண்ணையோ எழுதிவிடுகிறார்கள். திருவாரூர்ப் பக்கத்துப் பெண் ஒருவரின் ரிப்போர்ட் கோயம்புத்தூரில் படிக்கும் மகனின் வாட்ஸப்புக்கு இரவு பத்து மணிக்குப் போனது. இருபது வயதுப் பையன் விடுதி மொட்டை மாடியில் உட்கார்ந்து விடிய விடியக் கூகுள் பார்த்திருக்கிறான். உங்கள் எண்ணை எழுதுங்கள். முடிவை ஆலோசகர் வழியாகவே தரச்சொல்லி எழுதுங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் வரும். முடிவைப் பேசும் தேதியை ரத்தம் கொடுத்த அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

8. ரிப்போர்ட்டைப் படிப்பது

மூன்றில் ஒன்று வரும்.

நோய் உண்டாக்கும் மாற்றம், அல்லது உண்டாக்கக்கூடிய மாற்றம். இரண்டையும் ஒரே மாதிரிதான் எடுத்துக்கொள்வார்கள்.

பொருள் தெளிவாகாத மாற்றம். ரிப்போர்ட்டில் ‘வியூஎஸ்’ என்று இருக்கும். இதைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘ஏதோ இருக்காம்’ என்று பயந்து மார்பை எடுக்கக் கிளம்பிய ஒருவரை நானே தடுத்திருக்கிறேன். வியூஎஸ்ஸை வைத்து ஆபரேஷன் முடிவு எடுக்கக்கூடாது. தங்கைக்கும் மகளுக்கும் அதைத் தேடவும் வேண்டாம். குடும்ப மரத்தில் உள்ளதை வைத்தே கண்காணிப்பை முடிவுசெய்வார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஆலோசகரிடம் அதன் வகை மாறியதா என்று கேளுங்கள். பல வியூஎஸ்கள் பின்னால் தீங்கற்றவை என்று மாறிவிடுகின்றன.

மாற்றம் இல்லை. குடும்பத்து மாற்றம் என்ன என்று தெரிந்தபின் உங்களுக்கு இல்லை என்று வந்தால், அந்த மாற்றத்தால் வரும் கூடுதல் ஆபத்து உங்களுக்கு இல்லை. எல்லாப் பெண்களுக்கும் உள்ள ஆபத்து உண்டு, மேமோகிராமை நிறுத்தவேண்டாம். நோய் வந்தவருக்கே இல்லை என்று வந்தால், கண்டுபிடிக்கத் தெரிந்த காரணம் கிடைக்கவில்லை என்று மட்டும் பொருள்.

9. மாற்றம் இருந்தால்

இருக்கிறது என்றால் நோய் வந்துவிட்டது என்று பொருளில்லை. பெரும்பாலும் மேலை நாட்டுக் குடும்பங்களை வைத்துப் போட்ட கணக்குப்படி, பிஆர்சிஏ1 அல்லது 2 மாற்றம் உள்ள 100 பெண்களில் ஏறத்தாழ 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வருகிறது. சினைப்பைப் புற்று பிஆர்சிஏ1இல் சுமார் 44 பேருக்கும், பிஆர்சிஏ2இல் சுமார் 17 பேருக்கும். மற்ற மரபணுக்களுக்கு எண்ணிக்கை வேறு. பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கை உங்களுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.

மார்புக்கு: 25 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு எம்ஆர்ஐ, 30இலிருந்து மேமோகிராமும் சேர்த்து, ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை மருத்துவர் கையால் பரிசோதனை. எம்ஆர்ஐ மாதவிலக்கு தொடங்கிய 7ஆம் நாளிலிருந்து 15ஆம் நாளுக்குள் எடுத்தால் படம் தெளிவாக இருக்கும். தேதி வாங்கும்போதே இதைச் சொல்லுங்கள், நான் ஒருமுறை தஞ்சாவூர் வரை போய்த் திரும்பினேன். மார்புகளை முன்கூட்டியே எடுப்பது ஆபத்தை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். ஆனாலும் அது அவரவர் விருப்பம், கண்காணிப்போடு இருப்பதும் ஏற்கப்பட்ட வழிதான். நான் கண்காணிப்பில் இருக்கிறேன்.

சினைப்பை விஷயம் வேறு. அதை முன்கூட்டியே பிடிக்க நம்பகமான ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ இல்லை. அதனால்தான் பிள்ளைப்பேறு முடிந்தபின் பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு 35 முதல் 40 வயதுக்குள்ளும், பிஆர்சிஏ2 உள்ளவர்களுக்கு 40 முதல் 45க்குள்ளும் சினைப்பை, கருக்குழாய் இரண்டையும் எடுக்கச் சொல்கிறார்கள். ‘கர்ப்பப்பை ஏற்கெனவே எடுத்தாச்சு’ என்பவர்கள் பழைய ஆபரேஷன் சீட்டைத் தேடிச் சினைப்பையும் போனதா என்று பாருங்கள். எடுத்தபின் வரும் உடல் சூடு, எலும்புத் தேய்மானம் பற்றியும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஆண்களும் மார்பில் கட்டி வருகிறதா என்று கவனிக்கவேண்டும். பிஆர்சிஏ2 உள்ளவர்கள் 40 வயதிலிருந்து புரோஸ்டேட் பரிசோதனை தொடங்கவேண்டும்.

10. உறவினர்களுக்குச் சொல்வது

மாற்றம் உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது இறங்க 50 சதவீத வாய்ப்பு. உடன்பிறந்தவர்களுக்கும் அதே கணக்கு. ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. முதலில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சோதித்து, அவரிடமிருந்துதான் என்று தெரிந்ததும் அம்மா வழிச் சொந்தங்கள் எல்லோரையும் விட்டுவிட்டோம்.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்குப் பார்க்கவேண்டாம். அந்த வயதில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வளர்ந்தபின் முடிவு அவர்களுடையது.

இழவு வீட்டில் சொல்லாதீர்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லோரும் கூடுவார்கள், ஒரே மூச்சில் சொல்லிவிடலாம் என்று தோன்றும். நானும் அப்படிச் செய்துவிட்டேன். அத்தை மகன் எழுந்து போய்விட்டார், இரண்டு வருடம் பேசவில்லை. இப்போது தனித்தனியாக, வீட்டுக்குப் போய், சம்பா அறுப்பு முடிந்து கை ஓய்ந்த நேரத்தில் சொல்கிறேன். கையில் ஆலோசகர் எழுதித்தந்த ஒரு பக்கக் கடிதம் இருக்கும். ‘உங்களுக்கு இருக்கு’ என்று சொல்வதில்லை. ‘எங்கப்பா பக்கம் ஒண்ணு ஓடுது அத்தாச்சி. பாத்துக்கணும்னா எங்க போகணும்னு இதுல இருக்கு’ என்று கொடுத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

கல்யாணப் பேச்சு நடக்கும் பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பயம் நியாயமானது. அதைக் கேலி செய்யாமல் கேளுங்கள். யாருடைய முடிவையும் இன்னொருவரிடம் நீங்கள் சொல்லாதீர்கள்.

சொந்தத்தில் கல்யாணம் பேசும் இடத்தில் மட்டும் நான் தயங்காமல் ஆலோசகரிடம் அனுப்புகிறேன். மாமன் மகளும் அத்தை மகனும் ஒரே தாத்தாவிடமிருந்து ஒரே பிஆர்சிஏ2 அல்லது பால்பி2 மாற்றத்தைப் பெற்றிருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு பிரதியும் பழுதாகி, ஃபான்கோனி ரத்தசோகை என்னும் கடுமையான நோய் வரலாம். குடும்ப மரத்தில் இரட்டைக்கோடு கேட்டது இதற்காகத்தான்.

ரிப்போர்ட்டில் மாற்றத்தின் முழுப்பெயர் ஒரு வரியில் இருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்து. உறவினருக்குச் சோதிக்கும் லேபுக்கு அந்த வரி அப்படியே வேண்டும். வாயால் சொன்னால் தவறும், ரிப்போர்ட்டின் நகலையே கொடுங்கள். எங்கள் நகல் பீரோவில் நிலப் பத்திரத்தோடு இருக்கிறது, என் கைபேசியிலும் தம்பி கைபேசியிலும் படமாக இருக்கிறது. போன மாதம் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா மகள் கேட்டாள். தம்பி அன்று இரவே அனுப்பிவிட்டான்.